என் சாட்சியும் என் இதய வால்வும்

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு என்னைப் பார்க்க வந்த எல்லோருக்கும் என்னிடமிருந்து ஒரு கதை வேண்டியிருந்தது. சபையிலிருந்து வந்தவர்கள், கர்த்தர் என்னை எப்படித் தூக்கிவிட்டார் என்று கேட்டார்கள். அக்காவின் ஊரிலிருந்து வந்தவர்கள், அம்மன்தான் காப்பாற்றினாள் என்பதை இப்போதாவது ஒத்துக்கொள்வேனா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு வாத்தியாருக்கு, இத்தனை வருடம் மருந்து தொடாமல் இருந்தது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று என் வாயால் கேட்க ஆசை. என் மகள் எல்லோருக்கும் சாயா போட்டுக் கொடுத்தாள். நான் யாரிடமும் முழுசாகச் சொல்லவில்லை. ஒரே மூச்சில் நாலு வாக்கியம் பேச முடியாத காலத்தில் எதையும் விளக்க முடியாது. இப்போது முடிகிறது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என் பெயர் எஸ்தர். ஆதார் அட்டையில் இசக்கியம்மாள். குமரி மாவட்டத்தில் கருங்கல் என்ற ஊருக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்துக் கொடுப்பது என் தொழில். கணவர் ராஜமணி கட்டட மேஸ்திரி. ஒரே மகள் கிருபா, நாகர்கோவிலில் எம்.காம். படிக்கிறாள்.

நான் எஸ்தர் ஆனதற்குக் காரணமே கிருபாதான். அவள் வயிற்றில் ஏழு மாதமாக இருக்கும்போது எனக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. படுத்தால் யாரோ நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது போல இருக்கும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டே தூங்குவேன். உள்ளூர் டாக்டர் கையை விரித்துவிட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், அங்கேயும் தாய், பிள்ளை இரண்டையும் காப்பாற்றுவார்கள் என்று சொல்ல முடியாது என்றார். அப்போதுதான் எதிர்வீட்டு மேரி அக்கா தன் சபைப் பாஸ்டரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சாமுவேல் என்று பெயர். அவருக்கும் அப்போது இளவயதுதான். என் தலையில் கை வைத்து மத்தியானம் தொடங்கிப் பொழுது சாயும்வரை ஜெபித்தார். அன்று எனக்குக் கொஞ்சம் இளக்கம் கிடைத்தது. பிரசவம் வீட்டிலேயே சுகமாக நடந்தது. பிள்ளை பிறந்து சில வாரத்தில் மூச்சு முட்டல் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. நான் குடம் தண்ணீரைச் சுமந்துகொண்டு மேடேறுவதைத் தெருவே பார்த்தது.

அந்த வருடமே நானும் ராஜமணியும் ஆற்றில் முழுக்கு ஸ்நானம் எடுத்தோம். எங்கள் சபையில் வெள்ளைச் சேலைதான் உடுத்துவோம், நகை போடுவதில்லை, மருந்து எடுப்பதில்லை. என் காது ஓட்டை தூர்ந்தே போனது. காய்ச்சலுக்கும் ஜெபம், பல்வலிக்கும் ஜெபம். கூட்டங்களில் என்னை எழுப்பிச் சாட்சி சொல்லச் சொல்வார்கள். மருத்துவர் கைவிட்டவளைத் தேவன் எழுப்பினார் என்று நான் சொல்லும்போது முன்வரிசையில் ஆட்கள் அழுவார்கள். கிருபா மடியில் இருந்த காலத்தில் அவளைத் தூக்கிக் காட்டுவேன். பிறகு அவள் தானே எழுந்து நிற்பாள். ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் பொறுப்பும் என்னிடம் வந்தது. அங்காடிக்குப் போனால், "இது நம்ம சாட்சிக்கார அக்கா" என்பார்கள். நான் யார் என்று என்னைக் கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

என்னைப் பெற்ற வீடு இதை ஏற்கவில்லை. சண்டை என்று பெரிதாக ஒன்றுமில்லை. என் அக்கா பகவதி, கோவில் கொடைத் திருவிழாவுக்குப் பாயசம் கொடுத்தனுப்புவாள். படைத்ததை நாங்கள் சாப்பிடுவதில்லை என்று நான் திருப்பி அனுப்புவேன். சில வருடம் கழிந்து அவள் அனுப்புவதை நிறுத்தினாள். கல்யாணத்திலும் சாவிலும் பார்த்துக்கொண்டோம்.

அந்த மூச்சு முட்டும் தீனம் மறுபடியும் வந்தது தையல் மிஷினில்தான் தெரிந்தது. மிதியை மிதித்து ஒரு பாவாடைக்கு மடிப்பு ஓட்டி முடிப்பதற்குள் இளைத்தது. வயதாகிறது என்று நினைத்தேன். ஒரு தலையணை இரண்டானது, இரண்டு மூன்றானது. நெஞ்சு சில நேரம் தாளம் தப்பி அடித்தது. ராஜமணி கேட்டால், "சீணம், வேற ஒண்ணுமில்ல" என்று களைப்பின் மேல் பழியைப் போடுவேன். அவர் முழங்காலில் நின்று ஜெபிப்பார்.

ஒரு நாள் காலையில் பல் தேய்க்கும்போது இருமினேன். துப்பியதில் ரத்தம். தண்ணீரை ஊற்றிக் கழுவுவதற்குள் கிருபா பின்னால் வந்து நின்றுவிட்டாள்.

"எத்தன நாளாட்டு இருக்கு?"

"இன்னைக்குத்தான்."

"பொய் பறையாதம்மா."

அவள் அன்று கல்லூரிக்குப் போகவில்லை. என்னை உட்கார வைத்து, எதிரில் அமர்ந்தாள். நான்தான் ஆரம்பித்தேன். "நான் ஆஸ்பத்திரிக்குப் போனா, எனக்க சாட்சிக்கு என்ன அர்த்தம் மக்கா? அத்தன பேருக்கு முன்னால சொன்னவ நான்."

"அந்தச் சாட்சிய நான் பொறந்ததிலேருந்து கேக்கேன்" என்றாள் அவள். "நீ சொல்லுவ, நான் எழும்பி நிப்பேன். அதுல பாதி நான்தான். எனக்கும் ஒரு வார்த்த பேச பாத்தியத உண்டுல்லா? நான் சொல்லுகேன், வா, போவோம்."

ராஜமணி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். "ஆட்டோ கூட்டிட்டு வாறேன்" என்று மட்டும் சொன்னார்.

நாகர்கோவிலில் இதய மருத்துவரின் வாசலில் காத்திருந்தபோது, யாராவது தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்ற பயம்தான் நோய்ப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. அந்த வெள்ளைச் சேலையைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்வார்கள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தேன். "இசக்கியம்மாள்" என்று நர்ஸ் இரண்டு தடவை கூப்பிட்டாள். யாரையோ என்று இருந்துவிட்டேன். கிருபா தோளைத் தொட்டபோதுதான் அது நான் என்று உறைத்தது.

நெஞ்சில் கம்பிகளை ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். பிறகு எக்கோ. குளிர்ந்த பசையைத் தடவி, ஒரு கருவியை விலா எலும்புகளுக்கு நடுவே அழுத்தி நகர்த்துவார்கள். ஒலியை அனுப்பி, திரும்பி வருகிற எதிரொலியை வைத்து இதயத்தைப் படமாகக் காட்டும். என் இதயத்தை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சாம்பல் நிறத்தில் எதுவோ சிரமப்பட்டுத் துடித்துக்கொண்டிருந்தது.

டாக்டர் ஒரு பெண். நிதானமாகப் பேசினார். "நீங்க தைக்கிறவங்கன்னு மகள் சொன்னாங்க. சட்டைக்குக் காஜா எடுப்பீங்கல்ல?"

"எடுப்பேன்."

"இதயத்தோட இடப்பக்கத்துல மேல ஒரு அறை, கீழ ஒரு அறை. நடுவுல ஒரு கதவு. மைட்ரல் வால்வுன்னு பேரு. ரத்தம் மேலேருந்து கீழ போறதுக்கு அது நல்லா அகலமா திறக்கணும். உங்களுக்குச் சுருங்கிக் காஜா ஓட்டை மாதிரி ஆயிருக்கு. ரத்தம் போக வழியில்லாம நுரையீரல்ல தேங்குது. அதான் மூச்சு முட்டுது, ரத்தம் துப்புறீங்க." பிறகு கேட்டார், "சின்ன வயசுல மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்துதா?"

எனக்கு அப்படி எதுவும் நினைவில்லை. என்னைப் பெற்ற அம்மை இப்போது உயிரோடு இல்லை. கேட்க வேண்டுமானால் ஒரே ஆள்தான். கிருபா தன் போனில் பெரியம்மாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். வருடக்கணக்கில் அக்காவின் குரலை நான் இப்படிப் பக்கத்தில் கேட்டதில்லை.

"உண்டு" என்றாள் அக்கா உடனே. "அவளுக்கு எட்டு வயசு. முதல்ல தொண்ட வலி. பெறகு முட்டு வீங்கிச்சு, அது வத்துனா கணுக்கால் வீங்கும். அம்மைதான் அவள இடுப்புல எடுத்துட்டு வைத்தியருக்கிட்ட போவா. பள்ளிக்கூடத்துக்கு ஒரு மாசம் போகல்ல. என்னத்துக்குக் கேக்குதிய? அவளுக்கு என்ன?"

டாக்டர் எழுதிக்கொண்டே சொன்னார். தொண்டையில் வரும் ஒரு கிருமியை எதிர்த்துப் போராடும்போது சில பிள்ளைகளின் உடம்பு தன் மூட்டையும் இதய வால்வையும் சேர்த்தே தாக்கிவிடும். மூட்டு சரியாகிவிடும். வால்வில் விழுந்த தழும்பு வருடங்கள் போகப்போக இறுகும். "இது உங்ககூட ரொம்பக் காலமா இருக்கு. பிள்ளை உண்டாயிருந்தப்ப மூச்சு முட்டியிருக்குமே?"

நான் அவரையே பார்த்தேன். "ஆரு சொன்னா?"

"யாரும் சொல்லல. கர்ப்பத்துல உடம்புல ரத்தம் அதிகமாகும். சுருங்கின வால்வால அதைத் தாங்க முடியாது. ஆறு, ஏழு மாசத்துல மூச்சு முட்டும். பிரசவம் ஆயிட்டா ரத்த அளவு குறைஞ்சு தானே சரியாகும். பெரும்பாலும் அப்பதான் இந்த நோயைக் கண்டுபிடிப்போம். உங்களுக்கு அப்ப யாரும் பார்க்கலையா?"

பார்த்தார்கள் என்று சொல்ல வந்தேன். அவர் என்னைப் புண்படுத்தச் சொல்லவில்லை, பாவம், அவருக்கு என்ன தெரியும். அறைக்குள் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கிருபா என் கையைப் பிடித்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது.

பலூன் வைத்து விரிக்கிற கட்டத்தை நான் தாண்டிவிட்டேன் என்றார்கள். வாய்வழியாக ஒரு குழாயை இறக்கி மறுபடி எக்கோ பார்த்ததில், வால்வு சுண்ணாம்பு போல இறுகியிருந்தது, மேலறையில் ஒரு ரத்தக்கட்டியும் இருந்தது. நெஞ்சைத் திறந்து வால்வை மாற்ற வேண்டும். அன்றே சேர்த்துக்கொண்டார்கள். இதயத்துக்கு வந்தவளை முதலில் பல் டாக்டரிடம்தான் அனுப்பினார்கள். சொத்தைப் பல்லில் இருக்கும் கிருமி ரத்தத்தில் போய்ப் புது வால்வில் ஒட்டிக்கொள்ளுமாம். ஜெபத்தால் ஆறிவிட்டதாக நான் நினைத்திருந்த இரண்டு கடைவாய்ப் பல்லையும் பிடுங்கி எடுத்தார்கள்.

மாத்திரை விழுங்க எனக்குத் தெரியவில்லை. இளவயதில் விழுங்கியிருப்பேன், மறந்துபோனது. தண்ணீர் உள்ளே போகும், மாத்திரை நாக்கில் நிற்கும். ஜிஷா என்ற மலையாளி நர்ஸ் சிரித்துவிட்டாள். வாழைப்பழத் துண்டுக்குள் மாத்திரையைப் பொதிந்து, "சேச்சி, இது பழம். பழம் மட்டும்" என்று நீட்டினாள். முதல் மாத்திரை தொண்டையில் இறங்கியபோது கண்ணீர் வந்தது. வலியால் அல்ல. இவ்வளவு காலம் கட்டிக்காத்த ஒன்று ஒரு பழத்துண்டோடு உள்ளே போய்விட்டதே என்று இருந்தது.

பெண்கள் வார்டில் ஆண்கள் தங்க முடியாது. கிருபாவுக்குப் பரீட்சை. யாரைக் கூட வைப்பது என்று நாங்கள் யோசித்து முடிப்பதற்குள் அக்கா ஒரு பையோடு வந்து நின்றாள். நெற்றியில் திருநீறு, நடுவில் குங்குமம். கட்டிலுக்குக் கீழே பாயை விரித்தாள். பையிலிருந்து கஞ்சியும் பயறும் எடுத்து வைத்தாள். "வீட்டுல வச்சது. எந்தச் சாமிக்கும் படைக்கல்ல. குடி" என்றாள். குடித்தேன். அவ்வளவு ருசியாக நான் எதுவும் குடித்ததாக நினைவில்லை.

அறுவைக்கு நாள் பார்த்துக்கொண்டு கிடந்த அந்த நாட்கள்தான் எனக்கு மிகவும் கஷ்டமானவை. நோயாளிக்கு யோசிக்க நேரம் அதிகம். டாக்டர் சொன்னது சரி என்றால், கர்த்தர் என்னைக் குணமாக்கவில்லை. பிள்ளை பிறந்ததால் மூச்சு சரியானது, அவ்வளவுதான். அப்படியானால் நான் எதற்காகப் பெயரை மாற்றினேன், எதற்காக இந்தச் சேலை, எதற்காக அக்காவின் பாயசத்தைத் திருப்பி அனுப்பினேன்? என் சாட்சியைக் கேட்டு மருந்தை நிறுத்தியவர்கள் இருந்திருப்பார்களே, அவர்கள் என்ன ஆனார்கள்? இந்தக் கடைசிக் கேள்வி வரும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். இன்றும் அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இசக்கியாகத் திரும்பிவிடலாம் என்றும் தோன்றவில்லை. அந்தப் பெண்ணுக்கு இருபத்திச் சொச்சம் வயது. அவளை எனக்குச் சரியாகத் தெரியவே தெரியாது.

ஒரு மத்தியானம் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் ஜெயித்தவள் மாதிரி ஒரு பார்வை பார்ப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"அப்பம் அம்மைக்கிட்டயும் இத சொல்லணுமே" என்றாள்.

"எதை?"

"நீ மூச்சு முட்டிக் கெடக்கும்ப அம்மை முத்தாரம்மனுக்கு நேர்ச்ச போட்டா. தாயும் பிள்ளையும் பிழச்சா பொங்க வச்சு, வெள்ளியில நெஞ்சு செஞ்சு போடுகேன்னு. நீ பிழச்சதும் கொண்டு போட்டா. நான்தான் கூடப் போனேன். உனக்கிட்ட சொல்லவிட மாட்டேன்னுட்டா."

"ஏன்?"

"நீ அதுக்குள்ள உனக்க சபையில போயி ஊரெல்லாம் சொல்லியாச்சு. அம்மை சொன்னா, அவ நல்லா இருந்தா போதும், ஆரு காப்பாத்துனதுன்னு அவகிட்ட வழக்குப் பேசாண்டாம்னு. சாவுறது வரைக்கும் அவளுக்கு நிச்சயம், அம்மன்தான் உன்ன தந்ததுன்னு."

என்னைப் போலவே அம்மைக்கும் ஒரு சாட்சி இருந்திருக்கிறது. நான் மேடையில் நின்று சொன்னேன். அவள் ஒருத்தரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். ஒரே மூச்சுக்கு இரண்டு பேரும் இரண்டு பக்கம் நன்றி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். திடீரென்று அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. எனக்குச் சிரித்தால் இருமல் வரும். அவள் முதுகைத் தடவிவிட்டபடியே அழ ஆரம்பித்தாள்.

"நீ போனதுக்குப் பெறவு எனக்குத் தங்கச்சி இல்லன்னே நெனச்சுக்கிட்டேன் இசக்கி" என்றாள். "ஆளு இருக்கு, தங்கச்சி இல்ல. அது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். உண்மையாகவே தெரிந்திருந்தது.

அறுவைக்கு முந்தின நாள் பாஸ்டர் சாமுவேல் வந்தார். இப்போது அவருக்குத் தலை முழுக்க நரை. ஸ்டூலில் உட்கார்ந்து, கைக்குட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். அக்கா எழுந்து வெளியே போகப் பார்த்தாள். "இருங்க" என்றார் அவர்.

"டாக்டர் சொன்னத கிருபா எனக்கிட்ட சொன்னா" என்றார் என்னிடம்.

"அப்பம் நாம சொன்னதெல்லாம் பொய்யா பாஸ்டர்?"

அவர் கைக்குட்டையை மடியில் வைத்தார். "பொய் சொல்லணும்னு நாம சொல்லல்ல. நமக்கு அப்பம் தெரிஞ்சது அதுதான்" என்றார். "வேற ஆரும் கேட்டா ஒரு வசனம் எடுத்துச் சொல்லியிருப்பேன். உனக்கிட்ட அப்படிச் சொல்ல எனக்கு மனசு வரல்ல. நானும் அந்த ஒரு நாள வச்சுத்தான் ஊழியத்துல நின்னேன், எஸ்தர். சோர்ந்து போவும்பல்லாம் உன்ன நெனப்பேன்."

அது எனக்குத் தெரியாது. என் சாட்சியின் மேல் நான் மட்டும்தான் நிற்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

புறப்படுமுன் ஜெபித்தார். என்னை மருந்தில்லாமல் குணமாக்கும் என்று கேட்கவில்லை. டாக்டர்களின் கைகளைப் பிடித்துக்கொள்ளும் என்று கேட்டார். அந்த இடத்தில் அவருக்கு வார்த்தை தட்டியது. அப்படி ஒரு ஜெபத்தை அவர் அதுவரை செய்ததே இல்லை என்று நினைக்கிறேன். அக்காவும் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றாள்.

மறுநாள் காலையில் பச்சை அங்கியை உடுத்தித் தள்ளுபடுக்கையில் ஏற்றினார்கள். கழற்ற நகை எதுவும் இல்லை என்று ஜிஷா ஆச்சரியப்பட்டாள். அக்கா இடுப்பில் செருகியிருந்த திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தாள். உடனே தயங்கினாள். "நெத்தியில வேண்டாம். எனக்குத் தெரியும்" என்றாள். "தலமாட்டுல வச்சிடட்டா?"

"உள்ள ஒண்ணும் கொண்டு போக விடமாட்டாங்க அக்கா" என்றேன். அவள் முகம் வாடியது. "நீ உனக்க கையில பூசிக்க. அந்தக் கையால என்னப் பிடி."

அவள் பூசிக்கொண்டாள். கதவு வரைக்கும் பிடித்திருந்தாள். மறுபக்கம் ராஜமணி நடந்து வந்தார். அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது, சத்தம் வரவில்லை.

உள்ளே குளிர். மேலே வட்ட விளக்கு. மயக்க மருந்து ஏறுவதற்குள் ஜெபிக்க வேண்டும் என்று நினைத்தேன். என் ஜெபம் எப்போதும், "அன்றைக்கு என்னைத் தூக்கிவிட்டவரே" என்றுதான் ஆரம்பிக்கும். அந்த வார்த்தை இப்போது வரவில்லை. அதைச் சொல்லும் உரிமை போய்விட்டது போல இருந்தது. காட்டுவதற்கு என்னிடம் எந்த அத்தாட்சியும் இல்லை. ஆனாலும் நான் யாரிடமோ பேசிக்கொண்டுதான் இருந்தேன். "பயமா இருக்கு, கூட இரும்" என்றேன். எனக்குத் தெரிந்து, எதையும் ஆதாரமாக வைக்காமல் நான் செய்த முதல் ஜெபம் அதுதான். எந்தப் பதிலும் வரவில்லை. கையில் ஊசி ஏறியது.

கண் விழித்தபோது வாயில் குழாய். எனக்குப் பதிலாக ஒரு இயந்திரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பேச முடியாது, விழுங்க முடியாது. நாக்கு காய்ந்த தோல் மாதிரி கிடந்தது. உயிரோடு இருக்கிறோம் என்ற மகிழ்ச்சி எல்லாம் அப்போது இல்லை. ஒரு வாய் தண்ணீர், அது மட்டும்தான் உலகத்தில் வேண்டியிருந்தது. ஜிஷா பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தாள். குழாயை எடுத்த பிறகு நெஞ்சுக்குள் சன்னமாக ஒரு சத்தம் கேட்டது, மேசைக் கடிகாரம் போல. உலோக வால்வு திறந்து மூடும் சத்தம் அது. பழகிவிடும் என்றார்கள்.

நெஞ்செலும்பை நடுவே அறுத்துக் கம்பியால் கட்டியிருந்தார்கள். தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருமச் சொல்வார்கள். இருமாவிட்டால் நுரையீரலில் சளி தேங்கிவிடும். ஒவ்வொரு இருமலுக்கும் நெஞ்சு இரண்டாகப் பிளப்பது போல இருக்கும். மூன்று பந்துகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்து, குழாய்வழியாக மூச்சை உள்ளே இழுத்துப் பந்துகளை எழுப்பச் சொன்னார்கள். முதல் நாள் ஒரு பந்துகூட அசையவில்லை. ராஜமணி பார்வை நேரத்தில் வந்து எதிரில் உட்கார்ந்து, கையில் எதுவும் இல்லாமல் தானும் கூடவே மூச்சை இழுத்துக் காட்டுவார். கன்னம் குழிவிழ, கண் பிதுங்க, அவ்வளவு பெரிய மேஸ்திரி. இத்தனை வருட வாழ்க்கையில் அவர் என்னிடம் அதிகம் பேசியவர் இல்லை. அந்த ஒரு வாரத்தில் அவரை நான் புதிதாகக் கல்யாணம் செய்துகொண்டது போல இருந்தது.

ரத்தம் கொடுக்க வந்தவர்களில் இரண்டு பேர் எங்கள் சபை ஆட்கள் என்று பிற்பாடுதான் தெரிந்தது. யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்களாம். அதனால் இங்கேயும் பெயர் எழுதவில்லை. காப்பீட்டு அட்டை தாங்கியது போக மீதியை ராஜமணியும் அக்காவின் கணவரும் எப்படிச் சமாளித்தார்கள் என்று கேட்டேன். "நீ பந்த எழுப்பு" என்று சொல்லிவிட்டார்கள்.

உலோக வால்வில் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். அளவு குறைந்தால் ரத்தம் கட்டும், கூடினால் கசியும். அதற்காக மாதாமாதம் ரத்தப் பரிசோதனை. கீரையை ஒரு நாள் அள்ளிச் சாப்பிட்டு மறுநாள் விட்டுவிடக் கூடாது, ஒரே அளவாக இருக்க வேண்டும். மாத்திரையே தொடாதவளாக அறியப்பட்ட நான் இப்போது சாயங்காலம் ஆனால் பழம் தேடுகிறேன்.

வீட்டுக்கு வந்து நடக்கத் தெம்பு வந்ததும் சபைக்குப் போனேன். பாஸ்டர் என்னை எழும்பச் சொல்லவில்லை. நானே எழும்பினேன். இருபத்திச் சொச்சம் வருடமாக நான் சொன்ன சாட்சியைச் சொல்லி, பிறகு டாக்டர் சொன்னதையும் அப்படியே சொன்னேன். "அன்னைக்கு எனக்கு நடந்தது என்னன்னு எனக்கு இப்பம் நிச்சயமாட்டு தெரியாது. எனக்க வார்த்தைய கேட்டு ஆரும் மருந்து வேண்டாம்னு வச்சிருந்தா, தயவுசெய்து டாக்டர பாருங்க. நான் இப்பமும் ஜெபிக்கேன்" என்றேன். ஒருவரும் அழவில்லை. ஒருவரும் ஆமென் சொல்லவும் இல்லை. மேரி அக்கா, என்னை இந்த வழிக்குக் கொண்டுவந்தவள், எழுந்து வெளியே போனாள்.

அடுத்த வாரம் பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். மருந்து எடுப்பவர்கள் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கக்கூடாது என்று சபைத் தலைமையில் சொல்லிவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் சரி என்றேன். சரி என்று சொன்னேனே தவிர, அவர் போன பிறகு வெகுநேரம் மிஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். நெஞ்சை அறுத்தபோதுகூட அப்படி வலிக்கவில்லை. இப்போதும் அதே வெள்ளைச் சேலையில் அதே சபைக்குப் போகிறேன். பின்வரிசையில் உட்காருகிறேன். ஏன் விட்டுவிடவில்லை என்று வாத்தியார் கேட்கிறார். கழற்றிப் போட்டுவிட்டுப் போக அது எனக்குச் சட்டை அல்ல என்று மட்டும் தெரிகிறது. அக்கா என்னை இசக்கி என்கிறாள், சபையில் எஸ்தர் என்கிறார்கள். இரண்டுக்கும் திரும்பிப் பார்க்கிறேன்.

போன மாதம் சபையிலிருந்து ரோஸ்லின் வந்தாள். முப்பது வயது இருக்கும், இரண்டு சின்னப் பிள்ளைகள். அளவு கொடுக்க வந்தவள் போலத் துணியை எடுத்து வைத்துவிட்டு, கதவைச் சாத்தினாள். என் கையைப் பிடித்துத் தன் மார்பில் வைத்தாள். அங்கே ஒரு கட்டி, புளியங்கொட்டை மாதிரி, கெட்டியாக.

"மாப்பிளைக்குத் தெரியுமா?"

"தெரியாது அக்கா. உங்க எதிர்வீட்டு மேரி அம்மாவுக்கு மட்டும் தெரியும், ஜெபிக்காங்க. ஆஸ்பத்திரிக்குப் போனா சாட்சி கெட்டுப்போவும்னு சொல்லுகாங்க."

நான் அவளிடம் எதுவும் விவாதிக்கவில்லை. என்ன நம்ப வேண்டும் என்று அவளுக்குச் சொல்ல எனக்கு என்ன தெரியும். அவள் வீட்டுக்குப் போய் அவள் புருஷனிடம் நானே பேசினேன். நல்ல பையன், விறகுக் கட்டை மாதிரி நின்று கேட்டான், பிறகு தலையாட்டினான். செவ்வாய்க்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினேன். பிள்ளைகளை அவன் பார்த்துக்கொண்டான்.

படம் எடுக்கும் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் கால் பெருவிரலால் தரையைக் கீறிக்கொண்டே இருந்தாள். அவள் கேட்கப்போவது எனக்குத் தெரியும் என்று நினைத்தேன், ஆஸ்பத்திரிக்கு வந்தது விசுவாசக் குறைவா என்று. ஆனால் அவள் அதைக் கேட்கவில்லை.

"அக்கா, நீங்க எனக்காக ஜெபிப்பியளா?"

உள்ளேயிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"ஜெபிக்கேன் மக்கா" என்று எழுந்தேன். "உள்ளயும் கூட வாறேன்."